ஆங்கிலத் தேர்வும் வாசிப்பு நெறியும்

(விழாவையொட்டி அமைந்த கல்வி அரங்கில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

சென்னை சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் வளாகத்திலிருந்து கும்மிடிப்பூண்டிக்குப் புறப்படும் புறநகர் மின்சார ரயில், மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை எனப் பல நிலையங்களைக் கடந்து, ஒரு மணி நேரத்திற்கும் மேலாக ஓடித் தமிழகத்தின் வடகோடித் தொழிற்பகுதியை அடைகிறது. காலை ஷிப்டுக்குச் செல்லும் இளைஞர்கள் அதில் நிறைந்திருப்பார்கள். கழுத்தில் தொழிற்சாலையின் அடையாள அட்டை, கையில் கைப்பேசி. அவர்களுள் சிலருடைய மடியில் தடித்த புத்தகம் ஒன்றும் இருக்கும். அது பெரும்பாலும் ஆங்கிலத் தேர்வுக்கான வழிகாட்டி நூலாகவே இருக்கும்.

பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் பட்டயம் பெற்று, சிப்காட் வளாகத்தில் நான்கைந்து ஆண்டுகள் பணியாற்றிய ஓர் இளைஞர் வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பிக்க விரும்புகிறார் என்று கொள்ளலாம். கைத்தொழிலில் அவருக்குக் குறையில்லை. இயந்திரத்தின் ஓசையைக் கேட்டே பழுதைச் சொல்லிவிடுவார். ஆனால் அவருக்கும் அவ்வேலைக்கும் நடுவே 60 நிமிட நேர வாசிப்புத் தாள் ஒன்று நிற்கிறது. தேர்வுக் கட்டணத்திற்காகவும் பயிற்சிக் கட்டணத்திற்காகவும் தாயாரின் வளையல் அடகுக் கடைக்குப் போயிருக்கலாம். ஒருமுறை எழுதிப் போதிய மதிப்பெண் வாராமல், மறுமுறை எழுத வேண்டுமே என்று அவ்வீடு கலங்கி நிற்கலாம். இந்நிலை இப்பகுதியின் பல வீடுகளுக்குப் பொருந்தும். ஆகவே, ஆங்கிலத் தேர்வுக்கான வாசிப்பை எவ்வாறு கற்பிப்பது என்னும் வினா ஆசிரியர்களுக்கு மட்டும் உரியதன்று, குடும்பங்களுக்கும் உரியது.

தேர்வின் அமைப்பு

வெளிநாட்டுக் கல்விக்கும் வேலைக்கும் பெரிதும் எழுதப்படுவது ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வாகும். 1989ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற இத்தேர்வு கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் என நான்கு பகுதிகளை உடையது. பல்கலைக்கழகப் படிப்புக்குச் செல்வோர் கல்விப் பிரிவையும், வேலைக்கும் குடியேற்றத்திற்கும் செல்வோர் பொதுப் பயிற்சிப் பிரிவையும் எழுதுவது வழக்கம். செவிலியரும் மருத்துவத் துறையினரும் ஓ.இ.டி. என்னும் தேர்வையும் எழுதுகின்றனர்.

ஐ.இ.எல்.டி.எஸ். வாசிப்புத் தாளில் 40 வினாக்கள். காலம் 60 நிமிடங்கள். கல்விப் பிரிவில் மூன்று நீண்ட பகுதிகள் தரப்படுகின்றன. அவற்றின் மொத்த நீளம் 2150 முதல் 2750 சொற்கள். பொதுப் பயிற்சிப் பிரிவில் முதற்பகுதி அறிவிப்பு, விளம்பரம் போன்ற அன்றாடச் சிறு உரைகளால் ஆனது. இரண்டாம் பகுதி பணியிடம் சார்ந்த உரைகளை உடையது. மூன்றாம் பகுதி ஒரு நீண்ட கட்டுரை.

தேர்வு நடத்துவோர் வெளியிட்டுள்ள தோராயக் கணக்கின்படி, பொதுப் பயிற்சிப் பிரிவில் 23 விடைகள் சரியானால் 5 என்னும் தரநிலை, 30 சரியானால் 6, 34 சரியானால் 7 கிடைக்கும். ஐந்திலிருந்து ஆறுக்கு ஏற 7 வினாக்கள். ஆறிலிருந்து ஏழுக்கு ஏற 4 வினாக்களே. ஒரு குடும்பத்தின் எதிர்காலத் திட்டம் இந்த நான்கு வினாக்களில் தொங்குவதுண்டு. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை. ஆகவே எவ்வினாவையும் வெறுமையாக விடலாகாது. எழுத்துப்பிழை இருப்பின் விடை தவறாகும். இரண்டு சொற்களுக்கு மேற்படாமல் எழுதுக என்றிருக்கும் இடத்தில் மூன்று சொற்கள் எழுதினால், பொருள் சரியாயினும் மதிப்பெண் இல்லை. இவ்வளவும் முதல் நாள் வகுப்பிலேயே சொல்லத்தக்க செய்திகள்.

இருவகைத் தவறுகள்

தமிழ்வழியில் பயின்று வந்த மாணவர் இத்தாளில் செய்யும் தவறுகளை இரண்டாகப் பகுக்கலாம்.

முதல் தவறு, முதல் வரியிலிருந்து ஒவ்வொரு சொல்லாக மனத்திற்குள் தமிழாக்கிக்கொண்டே செல்வது. தெரியாத சொல் வந்தவுடன் நின்றுவிடுவார். நிமிடத்திற்கு 100 சொற்கள் என்னும் வேகத்தில் படித்தால் 2500 சொற்களைப் படிக்கவே 25 நிமிடங்கள் கழியும். எஞ்சிய 35 நிமிடங்களில் 40 வினாக்களுக்கு விடை காண வேண்டும். இடையிடையே நின்று நின்று செல்பவருக்கு மூன்றாம் பகுதியைத் திருப்பிப் பார்க்கவும் நேரம் இராது.

இரண்டாம் தவறு இதற்கு நேர்மாறானது. படிக்கவே வேண்டாம், வினாவிலுள்ள சொல்லைப் பத்தியில் தேடு, அதனருகில் இருப்பதை எழுது என்று குறுக்குவழி கற்றுத்தரும் பயிற்சிக்கூடங்கள் உண்டு. இத்தனை வாரங்களில் இன்ன தரநிலை உறுதி என்று சுவரொட்டி ஒட்டுவோரும் உண்டு. ஆனால் வினாத்தாள் அமைப்போர் இக்குறுக்குவழியை நன்கு அறிந்தவர்கள். பத்தியில் ‘சேலரி’ என்றிருப்பது வினாவில் ‘ரெமியூனரேஷன்’ என்று மாறியிருக்கும். வினாவிலுள்ள அதே சொல் பத்தியில் இருக்குமிடத்தில் விடை இராது. சொல்லைத் தேடியவர் கண்ணியில் சிக்குவார். பொருளைத் தேடியவர் தப்புவார்.

ஆக, முழுவதையும் ஒரே வேகத்தில் படிப்பதும் தவறு. படிக்காமலே விடை தேடுவதும் தவறு. எதை, எப்பொழுது, எவ்வேகத்தில் படிப்பது என்று தெரிந்து படிப்பதே வாசிப்பு நெறி.

முதற்படி: மேலோட்டமாகப் பார்த்தல்

அமெரிக்காவின் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரான்சிஸ் ராபின்சன் 1946ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலில் ஐந்து படிகளைக் கொண்ட வாசிப்பு முறையை வகுத்துத் தந்தார். முன்னோட்டமாகப் பார்த்தல், வினா எழுப்பிக்கொள்ளுதல், படித்தல், நூலை மூடிச் சொல்லிப் பார்த்தல், மீள நோக்குதல் என்பன அவை. தேர்வு அறைக்கு முதல் மூன்று படிகளும், வீட்டுப் பயிற்சிக்கு ஐந்து படிகளும் பொருந்தும்.

மேலோட்டமாகப் பார்ப்பது என்றால் கண்ணை ஓட்டிவிடுவது அன்று. தலைப்பு, ஒவ்வொரு பத்தியின் முதல் வரி, கடைசிப் பத்தி ஆகியவற்றை இரண்டு நிமிடங்களில் படித்து, எந்தப் பத்தியில் எந்தச் செய்தி இருக்கிறது என்னும் வரைபடத்தை மனத்தில் அமைத்துக்கொள்வதே அது. புதிய ஊருக்குச் செல்பவர் முதலில் பேருந்து நிலையம் எங்கே, கடைத்தெரு எங்கே என்று விசாரித்துக்கொள்வதைப் போன்றது. ஆசிரியர் வகுப்பில் பத்தியின் ஓரத்தில் மூன்று சொற்களில் அதன் சாரத்தைத் தமிழிலேயே எழுதச் சொல்லலாம். பத்திக்குரிய தலைப்பைப் பொருத்துக என்னும் வினா வகைக்கு இப்பயிற்சி ஒன்றே போதுமானது.

இரண்டாம்படி: தேடிக் கண்டடைதல்

எண், ஆண்டு, பெயர், இடம் போன்றவற்றை முழுவதும் படிக்காமலே கண்டுபிடிப்பது தேடி வாசித்தல். ரயில் நிலையத்தில் கால அட்டவணையை முதல் வரியிலிருந்து எவரும் படிப்பதில்லை. தமக்குரிய வண்டியை மட்டுமே தேடுவர். இத்திறன் ஏற்கெனவே எல்லோரிடமும் உள்ளது. அதை ஆங்கில உரைக்கு மாற்றிக்கொள்வதே பயிற்சி.

கும்மிடிப்பூண்டிப் பகுதியில் இதனைக் கற்பிக்க மிகப் பொருத்தமான உரை தொழிற்சாலைக்குள்ளேயே இருக்கிறது. இடர்தரும் வேதிப்பொருள்களைக் கையாளும் ஆலைகளில் ஒவ்வொரு பொருளுக்கும் பாதுகாப்புத் தகவல் தாள் இருத்தல் வேண்டும் என்பது 1989ஆம் ஆண்டின் விதிகளிலேயே இடம்பெற்றுள்ளது. இன்று உலகளவில் ஒருமுகப்படுத்தப்பட்ட முறையில் அத்தாள் 16 பிரிவுகளை உடையது. நான்காம் பிரிவு முதலுதவி. ஐந்தாம் பிரிவு தீயணைப்பு. ஆறாம் பிரிவு கசிவு ஏற்பட்டால் செய்ய வேண்டுவன. ஏழாம் பிரிவு கையாளுதலும் இருப்பு வைத்தலும். எட்டாம் பிரிவு கையுறை, கண்ணாடி முதலிய தற்காப்பு. ஒரு துளி கண்ணில் பட்டுவிட்டது என்றால் முதல் பக்கத்திலிருந்து படித்துக்கொண்டிருக்க நேரம் ஏது? நான்காம் பிரிவுக்கு நேரே செல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

அத்தகைய தாளைக் கையில் கொடுத்து, கண்ணில் பட்டால் என்ன செய்வது, எத்தகைய கையுறை அணிவது, எதனுடன் சேர்த்து வைக்கலாகாது என மூன்று வினாக்களை ஒவ்வொரு நிமிடத்தில் கண்டுபிடிக்கச் சொல்லும் ஆசிரியர், தேர்வுக்கும் கற்பிக்கிறார், உயிர்க்காப்புக்கும் கற்பிக்கிறார். பொதுப் பயிற்சிப் பிரிவின் பணியிட உரைகள் ஏறத்தாழ இதே இனத்தைச் சேர்ந்தவை. செவிலியருக்கான ஓ.இ.டி. தேர்வின் முதற்பகுதியும் இவ்வாறே: ஒரே நோயைப் பற்றிய நான்கு சிறு உரைகளில் 15 நிமிடங்களுக்குள் 20 விடைகளைத் தேடி எடுக்க வேண்டும்.

மூன்றாம்படி: ஊன்றிப் படித்தல்

விடை இருக்குமிடம் தெரிந்தபின் வேகத்தைக் குறைத்தல் வேண்டும். அவ்விரண்டு மூன்று வரிகளை எழுத்தெண்ணிப் படித்தல் வேண்டும். தமிழ் மாணவர் இடறுவது பெரும்பாலும் இங்கேதான். அதற்குக் காரணம் அறியாமை அன்று. இரு மொழிகளின் தொடரமைப்பு வேறுபாடு.

தமிழில் வினைமுற்று தொடரின் இறுதியில் வரும். ஆங்கிலத்தில் எழுவாயை அடுத்தே வந்துவிடும். தமிழில் ‘வால்வைத் திறந்த தொழிலாளி’ என்று அடைமொழி முன்னே வரும். ஆங்கிலத்திலோ ‘தொழிலாளி, எவர் வால்வைத் திறந்தாரோ அவர்’ என்னும் வரிசையில் பின்னே வரும். இவ்வாறு மூன்று அடைகள் அடுக்கப்பட்ட ஆங்கிலத் தொடரில் யார் செய்தார், என்ன செய்தார் என்பதே மறைந்துவிடுகிறது. ஆகவே நீண்ட தொடரைக் கண்டால் முதலில் எழுவாயையும் வினையையும் அடிக்கோடிட்டு, பிற பகுதிகளைத் துண்டு துண்டாகப் பிரித்துக் காட்டுவது நலம். தமிழ் இலக்கணத்தில் எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் அறிந்த மாணவருக்கு இது புதுமை அன்று. தமிழ் இலக்கணம் ஆங்கில வாசிப்புக்குப் பகையாகாது, துணையே.

சிறு சொற்களிலும் கண் வைத்தல் வேண்டும். ‘மே’ என்றால் இருக்கலாம். ‘மஸ்ட்’ என்றால் வேண்டும். ‘அன்லெஸ்’ என்னும் ஒரு சொல் தொடரின் பொருளையே திருப்பிவிடும். மின்சாரத்தைத் துண்டித்தாலன்றி மூடியைத் திறவாதே என்னும் எச்சரிக்கையில் அச்சொல்லைக் கவனியாமல் விட்டவருக்குத் தேர்வில் ஒரு மதிப்பெண் போகும். ஆலையில் விரலே போகக்கூடும்.

உண்மை, பொய், கூறப்படவில்லை

இத்தேர்வில் மாணவரைப் பெரிதும் கலங்கடிக்கும் வினா வகை ஒன்று உண்டு. ஒரு கூற்று தரப்படும். பத்தியின்படி அது உண்மையா, பொய்யா, அல்லது பத்தியில் கூறப்படவே இல்லையா என்று விடை தர வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு: தொழிற்சாலைக்கு இரண்டு வாயில்கள் உள்ளன; சரக்கு லாரிகள் வடக்கு வாயிலை மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று பத்தி கூறுகிறது. லாரிகள் வடக்கு வாயில் வழியாகவே வர வேண்டும் என்னும் கூற்று உண்மை. லாரிகள் எந்த வாயில் வழியாகவும் வரலாம் என்பது பொய். பத்தி அதனை மறுக்கிறது. தொழிலாளர்கள் தெற்கு வாயில் வழியாக வருகிறார்கள் என்பது? லாரிகள் வடக்கு என்றால் மனிதர்கள் தெற்காகத்தானே இருக்க வேண்டும் என்று மனம் ஊகிக்கும். ஆனால் பத்தி அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. எனவே கூறப்படவில்லை என்பதே விடை.

உலக அறிவு மிக்க மாணவரே இதில் பெரிதும் தவறுகிறார். தமக்குத் தெரிந்ததைப் பத்தியின் மேல் ஏற்றிவிடுகிறார். எழுதியவர் சொன்னது எது, படிப்பவர் தாமாகச் சேர்த்துக்கொண்டது எது என்று பிரித்தறியும் ஒழுக்கமே இவ்வினா கேட்பது.

ஸ்யாத்வாதம் பயின்ற குடும்பங்களின் பிள்ளைகளுக்கு உண்டு, இல்லை என்னும் இரண்டோடு உலகம் முடிந்துவிடுவதில்லை என்பது புதிய செய்தியன்று. ஆயினும் ஒரு வேறுபாட்டைக் கருத்திற்கொள்ள வேண்டும். ஏழு பங்கங்களுள் வரும் அவக்தவ்யம் என்பது சொல்லவொண்ணாதது. தேர்வு கேட்பதோ சொல்லப்படாதது. இரண்டும் ஒன்றல்ல. ஆனால் ஒரு கூற்றை ஏற்கும் முன்னும் மறுக்கும் முன்னும், எந்த நோக்கில், எந்த ஆதாரத்தில் என்று நின்று கேட்கும் பழக்கம் இரண்டுக்கும் பொது. அப்பழக்கம் வீட்டில் இருந்தால் தேர்வறையிலும் உடன்வரும்.

நெறியின் எல்லை

இவ்வளவும் சொன்னபின் ஓர் உண்மையை மறைக்கலாகாது. நெறி மட்டும் போதாது.

சார்லஸ் ஆல்டர்சன் என்னும் மொழித்தேர்வு அறிஞர் 1984ஆம் ஆண்டு ஒரு வினாவை எழுப்பினார்: அயல்மொழியில் வாசிக்க இயலாமை வாசிப்புக் குறையா, மொழிக் குறையா? அதற்கு முன்பே 1980இல் மார்க் கிளார்க் என்பவர், தாய்மொழியில் திறமையாக வாசிப்போரும் அயல்மொழியறிவு குறைவாக இருக்கும்பொழுது அத்திறமையைப் பயன்படுத்த இயலாமல் போவதைச் சுட்டிக்காட்டியிருந்தார். சொல்வளம் ஓரளவு திரண்டபின்பே நெறிகள் வேலை செய்யும் என்பது இதனால் பெறப்படும் கருத்து.

நியூசிலாந்து மொழியியலறிஞர் பால் நேஷன் முதலானோரின் ஆய்வுகள், பிறர் துணையின்றி ஓர் உரையைப் புரிந்துகொள்ள அதன் சொற்களில் 98 விழுக்காடு தெரிந்திருத்தல் வேண்டும் எனக் காட்டுகின்றன. 2500 சொற்கள் கொண்ட தாளில் 98 விழுக்காடு தெரிந்தவருக்குத் தெரியாத சொற்கள் 50. 90 விழுக்காடு மட்டுமே தெரிந்தவருக்கு 250. ஐம்பது சொற்களைச் சூழலால் ஊகித்துக் கடந்துவிடலாம்; இருநூற்றைம்பது குழிகள் உள்ள பாதையில் எந்த வண்டிதான் ஓடும்? ஆறு வார வகுப்பில் இந்த இடைவெளியை எவராலும் நிரப்ப முடியாது. நிரப்புவதாகச் சொல்லிப் பணம் வாங்குவோரிடம் பெற்றோர் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும்.

அப்படியானால் வழி என்ன? நாள்தோறும் வாசிப்பு. ரயில் பயணத்தில் போகவர இரண்டு மணி நேரம் கிடைக்கிறது. அதில் அரைமணி நேரம் எளிய ஆங்கிலச் செய்தியையோ கதையையோ படித்து, ஐந்து புதிய சொற்களைத் தொடரோடு குறிப்பேட்டில் எழுதிவந்தால், ஓராண்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சொற்கள் அறிமுகமாகும். படிக்கும் உரை கடினமாக இருத்தல் கூடாது. ஒரு பக்கத்தில் நான்கைந்து சொற்களே தெரியாதிருந்தால் அதுவே தகுந்த நூல். தேர்வுக்கு ஓராண்டு முன் தொடங்கும் எளிய வாசிப்பு, தேர்வுக்கு ஒரு மாதம் முன் வாங்கும் கடினமான வழிகாட்டி நூலைவிடப் பயன் மிக்கது.

கற்பிக்கும் முறை

வாசிப்பை எவ்வாறு கற்பிப்பது என்பதற்கு அயல்நாட்டு நூல்களை மட்டும் நாட வேண்டியதில்லை. பவணந்தி முனிவர் நன்னூலின் பொதுப்பாயிரத்தில் ஆசிரியர் இயல்பையும், பாடம் சொல்லும் முறையையும், மாணவர் பயிலும் முறையையும் வகுத்துரைத்திருக்கிறார். பாடத்தைப் போற்றல், கேட்டதை மீள நினைத்தல், ஆசிரியரை அடுத்து ஐயம் தீர்தல், ஒத்த மாணவரோடு பயிலுதல், தாம் வினவுதல், பிறர் வினவியவற்றுக்கு விடை கூறுதல் என்று அவர் படிகளை அடுக்குகிறார். ஒருமுறைக்கு இருமுறை கேட்டால் பிழை நீங்கும், மும்முறை கேட்டால் பிறர்க்கு உரைக்கும் ஆற்றல் வரும் என்கிறார். ஆசிரியரிடமிருந்து பெறுவது கால் பங்கே. உடன் பயில்வோரோடு கலந்து பெறுவது மற்றொரு கால். எஞ்சிய அரைப் பங்கு பிறர்க்கு எடுத்துரைக்கும்பொழுதே நிறைவுறும் என்பது அவர் கணக்கு.

1984ஆம் ஆண்டு அமெரிக்காவில் பாலின்சார், பிரவுன் என்னும் இரு கல்வியாளர்கள் ஒரு முறையை வெளியிட்டார்கள். மாணவர் சிறு குழுவாக அமர்ந்து ஒரு பத்தியைப் படிப்பர். அடுத்து வருவதை ஊகித்தல், வினாக் கேட்டல், ஐயம் தெளிதல், சுருக்கிக் கூறுதல் ஆகிய நான்கையும் முறை மாற்றி ஒவ்வொருவரும் ஆசிரியர் இடத்தில் அமர்ந்து நடத்துவர். வாசிப்பில் பின்தங்கிய மாணவர் இம்முறையால் நன்கு முன்னேறினர். பவணந்தியார் சொன்ன கால் கணக்கை அறிந்தவருக்கு இதில் வியப்பில்லை.

தத்துவார்த்த சூத்திரம் கூறும் ஸ்வாத்தியாயத்தின் ஐந்து உறுப்புகளான வாசித்தல், வினவுதல், சிந்தித்தல், ஓதிப் பழகுதல், பிறர்க்கு எடுத்துரைத்தல் என்பனவும் இவ்வரிசையிலேயே அமைகின்றன. ஸ்வாத்தியாயத்தின் நோக்கம் வினைநீக்கம். தேர்வின் நோக்கம் வேலை. நோக்கம் வேறு. ஆயினும் படித்ததை வினவாமலும், சிந்திக்காமலும் விட்டால் நூல் உள்ளத்தில் தங்காது என்பது இரண்டிடத்தும் ஒன்றே.

வகுப்பில் இதனை நடைமுறைப்படுத்துவது எளிது. முதலில் ஆசிரியர் தாமே ஒரு பத்தியை உரக்கப் படித்து, தம் மனத்தில் எழுவதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்: “இச்சொல் எனக்குத் தெரியவில்லை, ஆனால் அடுத்த வரியில் விபத்து என்று வருவதால் இது தீமையைக் குறிக்கும் சொல்லாக இருக்கலாம், மேலே செல்கிறேன்.” ஆசிரியருக்கும் தெரியாத சொல் உண்டு, அவரும் ஊகித்தே கடக்கிறார் என்று அறியும் மாணவருக்குப் பாதி அச்சம் நீங்கிவிடும். பின்பு மாணவர் இருவர் இருவராக அவ்வாறு செய்தல் வேண்டும். கால அளவு வைத்துத் தேர்வு எழுதுவது கடைசியில்தான். தேர்வு முடிந்ததும் மதிப்பெண்ணை மட்டும் சொல்லாமல், ஒவ்வொரு விடைக்கும் பத்தியில் சான்று எந்த வரி என்று மாணவரையே காட்டச் சொல்ல வேண்டும். தவறிய விடையைப் பற்றிய அந்த உரையாடலே உண்மையான பாடம்.

இளமையிலேயே தொடங்குதல்

இத்திறன் இருபத்தைந்து வயதில் தொடங்க வேண்டியதன்று. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் வினாத்தாளைப் படிப்பதற்கென்றே 10 நிமிடங்கள் ஒதுக்கப்படுகின்றன. அப்பொழுது முன்பின் அறியாத ஆங்கிலப் பத்தியின் வினாக்களை முதலில் படித்துவிட்டுப் பின் பத்தியைப் பார்க்கும் மாணவர், விடை தேடும் பாதி வேலையை முடித்துவிடுகிறார். எட்டாம் வகுப்பிலிருந்தே வீட்டில் இதனைப் பழக்கலாம்.

தொடக்கநிலைப் பிள்ளைகள் எழுத்தும் எண்ணும் பிழையறக் கற்க வேண்டும் என்பதற்காகத் தமிழக அரசு கொண்டுவந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் 2022ஆம் ஆண்டு ஜூன் மாதம் இதே திருவள்ளூர் மாவட்டத்தின் அழிஞ்சிவாக்கம் பள்ளியில்தான் தொடங்கிவைக்கப்பெற்றது. அடித்தளம் பள்ளியில் இடப்படுகிறது. அதன்மேல் சுவர் எழுப்புவது வீட்டின் கடமை. தாய்மொழியில் சரளமாகப் படிக்கும் பிள்ளையே பிறமொழியிலும் விரைவில் தேறும். ஆதலால் ஆங்கிலம் வேண்டும் என்பதற்காகத் தமிழ் வாசிப்பைக் கைவிடுவது, ஏணியின் கீழ்ப்படியை எடுத்து மேற்படியில் சேர்ப்பது போன்றது.

குடும்பங்கள் செய்யத்தக்கது

எல்லோரும் வெளிநாடு செல்லத்தான் வேண்டுமா என்று பெரியோர் சிலர் கேட்பர். தகுந்த கேள்வியே. செல்ல வேண்டியதில்லை. ஆயினும் உள்ளூர் ஆலையிலேயே இயந்திரக் கையேட்டைப் படித்துப் பொருள் சொல்லத் தெரிந்தவர் மேற்பார்வையாளராக உயர்கிறார். தெரியாதவர் எத்துணைத் திறமை இருந்தும் இயந்திரத்தின் அருகிலேயே நிற்கிறார். ஒப்பந்தத்தில் உள்ள நிபந்தனையைத் தாமே படித்து அறிந்து கையொப்பமிடுபவரை எளிதில் ஏமாற்ற இயலாது. தேர்வு ஒருநாளில் முடிந்துவிடும்; அதன் சான்று பொதுவாக இரண்டு ஆண்டுகளில் காலாவதியாகிவிடும். வாசிக்கும் திறனுக்குக் காலாவதி இல்லை.

பள்ளி என்னும் சொல் சமண முனிவரின் உறைவிடத்தையும் கல்விச் சாலையையும் ஒருங்கே குறித்து வந்துள்ளது. ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் என்னும் நால்வகைத் தானங்களுள் சாத்திர தானம் இச்சமூகத்தின் மரபில் வழிவழியாகப் போற்றப்படுவது. தமிழ்ச் சமணர் குடும்பங்களில் ஆசிரியப் பணியாற்றி ஓய்வு பெற்றவர்கள் பலர். ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம், ஒரு கூடம், பத்து நாற்காலிகள், பழைய ஆங்கில நாளிதழ்கள், ஆலைகளிலிருந்து கேட்டுப் பெற்ற எச்சரிக்கைத் தாள்கள் இவை போதும் ஒரு வாசிப்பு வட்டம் தொடங்க. பெருஞ்செலவு எதுவும் இல்லை.

அவ்வட்டத்தின் கதவு அனைவருக்கும் திறந்திருத்தல் வேண்டும். கும்மிடிப்பூண்டியில் இலங்கைத் தமிழ் அகதிகள் முகாமில் வளரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். திருவள்ளூர் மாவட்டச் செங்கல் சூளைகளுக்கு ஒடிசாவிலிருந்து பெற்றோருடன் வந்த சிறார்கள் இருக்கிறார்கள். தொழிற்பேட்டைக்குப் பிழைப்புத் தேடி வந்த பல மாநிலத்தார் இருக்கிறார்கள். அவர்களுக்கும் இதே தேர்வு, இதே எச்சரிக்கைப் பலகை, இதே ஒப்பந்தத் தாள்தான். பவணந்தியார் கணக்குப்படி, கற்றதில் அரைப் பங்கு பிறர்க்குச் சொல்லும்பொழுதே நிறைவுறுகிறது. முதலாண்டில் பயின்ற இளைஞர் இரண்டாம் ஆண்டில் இரண்டு பேருக்குச் சொல்லித்தருவது கைம்மாறு அன்று. அவருடைய கல்வியின் எஞ்சிய பாதி.

காலை ரயிலில் புத்தகத்தை மடியில் வைத்திருக்கும் அந்த இளைஞருக்கு இன்னும் நான்கு வினாக்கள் சரியாக வேண்டும். அந்நான்கையும் அவர் குறுக்குவழியால் பெற இயலாது. பொறுமையுடன் அருகிருந்து படிப்பிக்கும் ஒருவரால் பெற இயலும். அந்த ஒருவர் இந்த அவையிலேயே இருக்கக்கூடும். அவர் வரும் ஞாயிற்றுக்கிழமையே தொடங்குவாராக!